விதைநெல்லைத் தின்னும் ஆட்டம்

போக்கர் ஆடிப் பிழைக்க நினைப்பவருக்குச் சீட்டைவிடப் பெரிய எதிரி உண்டு: மாத வாடகை. அதையும் சமாளித்தவர்களை வரி பிடித்தது. கடைசியில் சட்டம் வந்தது.

வியாழக்கிழமை மாலைகளில் டெல்லி லோதி ரோட்டில் ஆட்டோ கிடைப்பது கடினம். ஷிர்டி சாய்பாபா கோவிலுக்கு வரும் கூட்டம் சாலையை நிறைத்துவிடும். அதே சாலையில்தான் சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸ். சி.பி.ஐ. தலைமையகம் உள்ளிட்ட மத்திய அரசு அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் வளாகம். இங்கே ஆறாம் எண் கட்டடத்துக்கு எலெக்ட்ரானிக்ஸ் நிகேதன் என்று பெயர். மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இயங்கும் இடம். கோவிலுக்கு வருகிறவர்களில் யாரும் இந்தக் கட்டடத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், சீட்டாட்டத்தையே தொழிலாக வைத்துக்கொண்ட ஒரு சிறு கூட்டத்தின் தலையெழுத்து சில ஆண்டுகளாக இங்கேதான் எழுதப்பட்டது. எழுதப்பட்டது, பிறகு அடித்தும் எழுதப்பட்டது.

2022 டிசம்பரில் ஆன்லைன் விளையாட்டுகளுக்கான பொறுப்பு இந்த அமைச்சகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் அது விதிகளை வெளியிட்டது: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைச் சுயகட்டுப்பாட்டு அமைப்புகள் பரிசோதித்து, தகுதியானவற்றுக்கு அனுமதி முத்திரை தரும் என்றது. அந்த அமைப்புகள் செயல்பாட்டுக்கு வரவே இல்லை. இரண்டு ஆண்டு கழித்து, 2025 ஆகஸ்ட் 20 அன்று, அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் மக்களவையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். எதிர்க்கட்சிகளின் கூச்சலுக்கு நடுவே அன்றே அது நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை. அதற்கு மறுநாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். திறமையோ, அதிர்ஷ்டமோ, இரண்டும் கலந்ததோ - பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் யாரும் நடத்தக் கூடாது. மீறினால் மூன்றாண்டுச் சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவர்களுக்குத் தண்டனை இல்லை. அவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்பது அரசின் பார்வை. 45 கோடிப் பேர் ஆண்டுதோறும் கிட்டத்தட்ட ரூ 20,000 கோடியை இந்த ஆட்டங்களில் இழக்கிறார்கள் என்பது அரசு சொன்ன மதிப்பீடு.

பாதிக்கப்பட்டவர்கள் என்ற அந்தப் பட்டியலில் சேராத ஒரு சிலரும் உண்டு. அவர்கள் இதை வேலை என்றார்கள். அரசுமே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது போலிருக்கிறது. 2018 ஜனவரியில் அந்தந்தத் துறையில் முதலாவதாகச் சாதித்த 112 பெண்களைக் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் கௌரவித்தார். மகளிர் மேம்பாட்டு அமைச்சகம் தேர்ந்தெடுத்த பட்டியல் அது. அதில் டெல்லியைச் சேர்ந்த தொழில்முறை போக்கர் ஆட்டக்காரர் முஸ்கான் சேத்தியும் இருந்தார். ராஷ்டிரபதி பவனில் விருது வாங்கிய தொழில், ஏழரை ஆண்டில் நாடாளுமன்றத்தில் தடைபட்டது.

அந்தத் தொழில் நிஜத்தில் ஒருவருக்குச் சோறு போடுமா? போடும் என்றால் எவ்வளவு பணத்தை எப்படி வைத்துக்கொண்டால் போடும்? இந்தக் கேள்விக்குப் பதில் சீட்டுக் கட்டில் இல்லை, கணக்கு நோட்டில் இருக்கிறது. நோட்டைப் பிரித்தால் சுவாரஸ்யமான சங்கதிகள் கிடைக்கின்றன. தடை வருவதற்கு முன்பே இந்தப் பிழைப்பு கிட்டத்தட்ட முடிந்துபோயிருந்தது என்பது அதில் ஒன்று.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. போக்கரில் பரவலாக ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் வகையில், ஒவ்வொருவருக்கும் இரண்டு மூடிய சீட்டு. மேஜை நடுவே அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கூடும். நல்ல சீட்டு இருப்பதாக நம்பவைத்து எதிராளியை ஓடவைக்கலாம். அல்லது நல்ல சீட்டை மறைத்து உள்ளே இழுக்கலாம். கட்டாயமாகப் போடவேண்டிய ஆரம்பப் பந்தயத்துக்கு 'பிக் பிளைண்ட்' என்று பெயர். போக்கர்காரர்கள் வருமானத்தை ரூபாயில் சொல்வதில்லை, இந்த பிக் பிளைண்ட் கணக்கில்தான் சொல்வார்கள். லாட்டரியைப் போலவோ ரூலெட்டைப் போலவோ இங்கே நிறுவனத்துக்கு எதிராக ஆடுவதில்லை, பக்கத்து நாற்காலிக்காரரின் பணத்துக்காக ஆடுகிறோம். நிறுவனம் ஒவ்வொரு ஆட்டத்தின் பந்தயப் பணத்திலும் ஒரு பங்கை 'ரேக்' என்று எடுத்துக்கொள்ளும். அதாவது மேஜையில் இருக்கும் எல்லோருமாகச் சேர்ந்து எப்போதும் நஷ்டத்தில்தான் இருப்பார்கள். சராசரி ஆட்டக்காரர் தோற்பார். சுமாராக நன்றாக ஆடுபவரும் தோற்பார். ரேக்கையும் தாண்டி மற்றவர்களைவிடச் சிறப்பாக ஆடுபவர் மட்டுமே நீண்ட காலத்தில் ஜெயிப்பார்.

வில்லங்கம் அந்த 'நீண்ட காலம்' என்ற சொல்லில் இருக்கிறது.

ஒருமுறை சீட்டுப் போட்டு முடிப்பதை ஓர் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். நூறு ஆட்டத்துக்கு 5 பிக் பிளைண்ட் சம்பாதிப்பவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அதே நூறு ஆட்டத்தில் ஏற்ற இறக்கம் 80 முதல் 100 பிக் பிளைண்ட் வரை இருப்பது ஆறு பேர் மேஜையில் சர்வசாதாரணம். 90 என்று வைத்துக் கணக்குப் போட்டால் கிடைப்பது இது: இந்த நல்ல ஆட்டக்காரர் 10,000 ஆட்டம் ஆடி முடித்த பிறகும் நஷ்டத்தில் இருப்பதற்கான வாய்ப்பு 100-க்கு 29. ஒரு லட்சம் ஆட்டம் ஆடினால்தான் அது 4 ஆகக் குறைகிறது.

இதன் மறுபக்கம்தான் இன்னும் அபாயமானது. நூறு ஆட்டத்துக்கு 2 பிக் பிளைண்ட் தோற்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இவர் எத்தனை கோடி வைத்திருந்தாலும், ஆடிக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஓட்டாண்டியாவது நிச்சயம். ஆனால் முதல் 10,000 ஆட்டம் முடிந்த கட்டத்தில் இவர் லாபத்தில் இருப்பதற்கான வாய்ப்பு 100-க்கு 41! பத்தில் நான்கு தோல்விக்காரர்கள் தங்களை மேதைகள் என்று நினைத்துக்கொள்ள இது போதும். வேலையை விட்டவர்களில் எத்தனை பேர் இந்த நான்கில் அடங்குவார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்குத்தான் வெளிச்சம்.

ஆகவே, போக்கரில் பிழைக்க நினைப்பவருக்குத் தேவை இரண்டு. தான் உண்மையில் ஜெயிக்கிறவர்தானா என்று காட்டும் ஒழுங்கான பதிவேடு. அது தெரியும்வரையும், தெரிந்த பிறகு வரும் மோசமான மாதங்களிலும் தாக்குப்பிடிக்க ஒரு கைமுதல். இதை ஆங்கிலத்தில் பேங்க்ரோல் என்பார்கள். நம் வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. லாபம் போனால் போகட்டும், முதலுக்கு மோசம் வரக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது இதைத்தான்.

கைமுதல் எவ்வளவு வேண்டும்? ஒரு மேஜையில் உட்காரக் கொண்டுபோகும் தொகையை பை-இன் என்பார்கள். வழக்கமாக 100 பிக் பிளைண்ட். இருபது பை-இன் போதும் என்பது பொழுதுபோக்குக்காரர்கள் சொல்லும் விதி. பிழைப்புக்காரர்கள் நாற்பது, ஐம்பது என்பார்கள். போட்டிகளில், அதாவது டோர்னமென்ட்களில், நூறும் போதாது. ஏனென்றால் அங்கே பெரும்பாலானோர் வெறுங்கையுடன் திரும்புகிறார்கள், பரிசின் பெரும்பகுதி முதல் சில இடங்களுக்குப் போய்விடுகிறது. 2024-ல் பெங்களூரைச் சேர்ந்த சந்தோஷ் சுவர்ணா லாஸ் வேகாஸில் 54 லட்சம் டாலர் வென்றது பத்திரிகைகளில் வந்தது. அந்தப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் இரண்டரை லட்சம் டாலர் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. கைமுதலில் நூற்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரு போட்டியில் போடாதே என்ற பிரபலமான விதிப்படி, இதில் ஆட ஒருவரிடம் ஒன்றேகால் கோடி டாலர் இருக்க வேண்டும்!

இப்போது நிஜமான கணக்குக்கு வருவோம். டெல்லியில் வாடகை அறையில் இருக்கும் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிக் பிளைண்ட் ரூ 50, பை-இன் ரூ 5,000. நாற்பது பை-இன் வீதம் அவருடைய கைமுதல் ரூ 2 லட்சம். மேலே சொன்ன நல்ல ஆட்டக்காரர்தான் இவர். ஆன்லைனில் ஒரே நேரத்தில் நான்கு மேஜை, மணிக்குச் சுமார் 280 ஆட்டம், மாதம் 100 மணி நேரம். சராசரியாக மாதம் ரூ 70,000 வரும். நல்ல சம்பளம்தான். கைமுதலைத் தொடாமல் லாபத்தையும் அதிலேயே சேர்த்து வந்தால், என்றாவது அது முழுவதும் அழிந்துபோகும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் இவர் சாப்பிட வேண்டும். வாடகை கொடுக்க வேண்டும். மாதம் ரூ 35,000 கைமுதலிலிருந்து எடுக்கிறார் என்று வையுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் வருமானத்தில் பாதியைச் சேமிக்கும் உத்தமர். கணக்கில் நடப்பது வேறு. நூறு ஆட்டத்துக்கு 5 பிக் பிளைண்ட் சம்பாதிப்பவர், கைமுதலைப் பொறுத்தவரை இரண்டரை மட்டுமே சம்பாதிப்பவராகிவிடுகிறார். ஏற்ற இறக்கமோ குறையவில்லை. அழிந்துபோகும் வாய்ப்பு நூற்றில் எட்டரையாகிறது. சீட்டில் எந்தத் தப்பும் செய்யவில்லை. வீட்டுக்காரருக்கு வாடகை கொடுத்தார், அவ்வளவுதான். ஆபத்து பன்னிரண்டு மடங்கு!

இதனால்தான் அனுபவசாலிகள் வீட்டுப் பணத்தையும் ஆட்டப் பணத்தையும் வேறு வேறு வங்கிக் கணக்கில் வைத்தார்கள். ஆறு மாதம் அல்லது ஒரு வருடச் செலவைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் மேஜையில் உட்கார வேண்டும் என்பார்கள். கைமுதல் குறைந்தால் கௌரவம் பார்க்காமல் சின்ன மேஜைக்கு இறங்கிவிட வேண்டும். கடன் வாங்கிய பணம் கைமுதலே ஆகாது. ஏற்ற இறக்கத்துக்குத் தவணைத் தேதி தெரியாது, கடன்காரனுக்குத் தெரியும். இதெல்லாம் யாரும் புதிதாகக் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. இதே லோதி காலனியில், பிரிட்டிஷார் 1940-களில் கட்டிய அரசு குடியிருப்புகளில், சென்னையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்து குமாஸ்தா வேலை பார்த்த குடும்பங்கள் முதல் தேதிச் சம்பளத்தை வைத்துச் செய்துகாட்டியதுதான். பால் கணக்கு, லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கட்டணம், ஊருக்கு மணி ஆர்டர் - ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எடுக்கக் கூடாது. அவர்களுக்குச் சம்பளம் மாதாமாதம் நிச்சயம். சீட்டாட்டக்காரருக்கு அந்த நிச்சயமும் இல்லை என்பதால், கட்டுப்பாடு அவர்களைவிடப் பல மடங்கு தேவை.

கட்டுப்பாட்டுக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் கிறிஸ் ஃபெர்குசன். 2000-ல் உலக சாம்பியன். கம்ப்யூட்டர் சயின்ஸில் டாக்டர் பட்டம் பெற்றவர். 2006-ல் இவர் ஒரு சவாலைத் தொடங்கினார்: கையிலிருந்து ஒரு பைசா போடாமல், இலவசப் போட்டிகளில் ஆரம்பித்து 10,000 டாலர் சேர்த்துக் காட்டுகிறேன் என்றார். கைமுதலில் 5 சதவீதத்துக்கு மேல் எந்த மேஜைக்கும் கொண்டுபோகக் கூடாது. டோர்னமென்ட்டுக்கு 2 சதவீதம். மேஜையில் தன் முன்னால் இருக்கும் பணம் மொத்தக் கைமுதலில் 10 சதவீதத்தைத் தாண்டினால் எழுந்துவிட வேண்டும், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி. காசுகளில் தொடங்கிப் பல மாதம் அங்குலம் அங்குலமாக ஏறி, சொன்னபடியே செய்தும் காட்டினார். கைமுதல் நிர்வாகம் பற்றிப் பேசும் யாரும் இன்றுவரை இந்த விதிகளை மேற்கோள் காட்டாமல் இருப்பதில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஃபெர்குசன் இந்தச் சவாலை நடத்தியது ஃபுல் டில்ட் போக்கர் என்ற இணையதளத்தில். அதன் இயக்குநர் குழுவில் அவரும் ஒருவர். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு அந்தத் தளத்தையும் வேறு சில பெரிய தளங்களையும் முடக்கியது. அந்த செப்டம்பரில், நியூயார்க்கின் அரசு வழக்கறிஞர் ப்ரீத் பராரா - பஞ்சாபில் பிறந்தவர் - நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனு போக்கர் உலகத்தைத் தூக்கிவாரிப்போட்டது. ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கவேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி. ஆட்டக்காரர்கள் கட்டிய பணத்தைக் கம்பெனி தன் பணத்திலிருந்து பிரித்து வைக்கவில்லை, இயக்குநர்களும் மற்ற உரிமையாளர்களும் நான்கு ஆண்டில் 44 கோடி டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. ஃபெர்குசன் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் சமரசம் செய்துகொண்டார். போட்டிக் கம்பெனியான போக்கர்ஸ்டார்ஸ் 2012-ல் அமெரிக்க அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டால்தான் ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. அதற்கும் சிலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

எந்த மேஜைக்கு எவ்வளவு என்று பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்து ஆடியவர்களின் கைமுதல், யாரோ ஒருவரின் அலட்சியத்தால் ஒரே நாளில் உறைந்தது. இந்தியத் தளங்கள் மூடப்பட்ட பிறகு வெளிநாட்டுத் தளங்களுக்குத் தாவலாமா என்று யோசிப்பவர்கள் இந்தப் பகுதியை இன்னொரு முறை படிக்கலாம். அங்கே பணம் முடங்கினால் லோதி ரோட்டிலும் புகார் கொடுக்க முடியாது.

கட்டுப்பாடே இல்லாதவருக்கு என்ன ஆகும் என்பதற்கு ஸ்டூ உங்கர் என்ற பெயர் போதும். 1980, 1981, 1997 என்று மூன்று முறை உலக சாம்பியன். அவருக்கு நிகரான ஆட்டக்காரர் பிறக்கவில்லை என்பவர்கள் இன்றும் உண்டு. 1997-ல் நுழைவுக் கட்டணம் 10,000 டாலரைக் கட்ட அவரிடம் காசில்லை. பில்லி பாக்ஸ்டர் என்ற நண்பர் கட்டினார். பரிசு பத்து லட்சம் டாலர், பாதி நண்பருக்கு. அடுத்த ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸின் மலிவு விடுதி அறை ஒன்றில் உங்கர் இறந்துகிடந்தார். போதைப்பழக்கம், குதிரைப் பந்தயம், இன்னும் என்னென்னவோ. அவரிடம் மிஞ்சியிருந்தது சுமார் 800 டாலர்.

இந்தியாவுக்குத் திரும்புவோம். இங்கே ஆட்டக்காரரின் கைமுதலைக் கடித்தது போதையோ குதிரையோ அல்ல, நிதி அமைச்சகம். 2023 ஏப்ரல் 1 முதல் ஆன்லைன் ஆட்டங்களின் நிகர வெற்றிக்கு நேராக 30 சதவீத வரி நடப்புக்கு வந்தது. பணத்தை எடுக்கும்போதே தளம் பிடித்துக்கொள்ளும். எடுக்காவிட்டாலும் மார்ச் 31 அன்று கணக்குப் பார்த்துப் பிடித்துவிடும். செலவு எதையும் கழிக்க முடியாது. ஓர் ஆண்டின் நஷ்டத்தை அடுத்த ஆண்டின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. மளிகைக் கடைக்காரருக்கு உள்ள அந்தச் சலுகை சீட்டாட்டக்காரருக்குக் கிடையாது. ஓர் ஆண்டு ஆறு லட்சம் ஜெயித்து, மறு ஆண்டு நான்கு லட்சம் தோற்றவரின் இரண்டாண்டு நிகர லாபம் இரண்டு லட்சம். முதல் ஆண்டுக்குக் கட்டிய வரி, செஸ் சேர்த்து, ரூ 1,87,200. கையில் நின்றது ரூ 12,800.

நம் கற்பனை இளைஞரின் நோட்டுக்கு இந்த வரியைக் கொண்டுவாருங்கள். எழுபதாயிரத்தில் முப்பது சதவீதம் 21,000. வாடகை, சாப்பாடு 35,000. மீதி 14,000. அதாவது நூறு ஆட்டத்துக்கு 5 பிக் பிளைண்ட் சம்பாதிப்பவரின் கைமுதலில் சேருவது ஒன்று. தோராயமாகக் கணக்கிட்டால், அழிந்துபோகும் வாய்ப்பு நூற்றில் 37! ஒன்றுக்கும் குறைவாக இருந்தது எட்டரையாகி, முப்பத்தேழாகிவிட்டது. சீட்டாட்டத் திறமை துளியும் குறையவில்லை.

போதாக்குறைக்கு 2023 அக்டோபர் 1 முதல் ஜி.எஸ்.டி. அதுவரை தளம் எடுக்கும் ரேக்குக்கு 18 சதவீதம் என்று இருந்தது, கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் என்றாகியது. நூறு ரூபாய் கட்டினால் ஆடக் கிடைப்பது 78 ரூபாய் சொச்சம். சில தளங்கள் போனஸ் கொடுத்து இதைச் சரிக்கட்டப் பார்த்தன. போனஸ் எந்தப் பையிலிருந்து வரும் என்று கேட்கக் கூடாது. இத்தனையும் தாங்கக்கூடியவர் யார்? ஜெயித்தாலும் தோற்றாலும் கவலைப்படாத பணக்காரர், அல்லது கணக்கே பார்க்காத அப்பாவி. கணக்குப் பார்த்து ஆடுகிறவர்தான் முதலில் வெளியேறவேண்டியவர்.

நீதிமன்றங்களில் இதற்கு இணையாக வேறொரு விவாதம் ஓடிக்கொண்டிருந்தது: இது திறமையா, அதிர்ஷ்டமா? ரம்மி பெரும்பாலும் திறமைதான் என்று 1968-ல் ஆந்திர வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம் சொன்னது. சென்னைக் குதிரைப் பந்தயம் தொடர்பான வழக்கில் 1996-லும் திறமையின் பக்கமே நின்றது. போக்கரை சூதாட்டம் என்றது குஜராத் உயர்நீதிமன்றம், 2017-ல். தமிழக அரசு 2021-ல் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த புதிய சட்டம் ஆளுநர் திருப்பி அனுப்பி, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. அந்த நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்ற பட்டியலை மட்டும் நீக்கியது. பிறகு 2025-ல், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று தமிழகம் விதித்த கட்டுப்பாட்டை அதே நீதிமன்றம் ஏற்றது.

இந்த நேரக் கட்டுப்பாட்டைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால் யோசித்துப் பார்த்தால், தொழில்முறை ஆட்டக்காரரின் வருமானம் எங்கிருந்து வருகிறது? தோற்கிறவரிடமிருந்து. தூக்கம் கெட்டு, விட்டதைப் பிடிக்க நினைத்து, பெண்டாட்டிக்குத் தெரியாமல் இரவு இரண்டு மணிக்கு ஆடுகிறவரிடமிருந்து. இவர்களைப் போக்கர் பாஷையில் 'மீன்' என்பார்கள். கைமுதலை எப்படிக் காப்பது என்று எழுதப்பட்ட அத்தனை புத்தகங்களும் மீன் பிடிப்பவர்களுக்கானவை. மீனுக்கான புத்தகம் கிடையாது. தமிழ்நாட்டில் ஆன்லைன் சீட்டாட்டக் கடனால் நடந்த தற்கொலைகள்தான் இத்தனை சட்டங்களுக்கும் காரணம். திறமையான சிலரின் பிழைப்பைக் காட்டி அதை மறுக்க முடியாது. மேலே பார்த்த 41-ல் ஒருவர் தன்னை எந்த வகையில் சேர்ப்பார் என்பதுதான் விஷயம்.

2025-ன் தடை ஆன்லைனுக்கு மட்டும். கோவாவில் மாண்டவி ஆற்றில் மிதக்கும் காசினோக்களில் நேரடி போக்கர் உண்டு. அங்கே போய்ப் பிழைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நோட்டு இதற்கும் பதில் வைத்திருக்கிறது. நேரடி மேஜையில் சீட்டைக் கலைத்து, போட்டு, பந்தயம் கட்டி முடிக்க ஒரு மணிக்கு 25, 30 ஆட்டம்தான் நடக்கும். ஆன்லைனில் நான்கு மேஜையில் நடந்ததில் பத்தில் ஒரு பங்கு. ஒரு லட்சம் ஆட்டம் என்ற அந்த 'நீண்ட கால'த்தை முழுநேரமும் உழைத்தால் ஆன்லைனில் இரண்டு மூன்று மாதத்தில் எட்டிவிடலாம். நேரடி மேஜையில் ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும். தான் ஜெயிக்கிறவனா, தோற்கிறவனா என்று தெரிந்துகொள்ளவே அவ்வளவு காலம்! அதுவரை வாடகை நிற்காது. டெல்லி - கோவா விமானக் கட்டணம் வேறு.

வருமானமும் அதே விகிதத்தில் சுருங்கும். மாதம் எழுபதாயிரம் வந்த இடத்தில் ஏழாயிரம் வரும். நேரடி மேஜைகளில் எதிராளிகள் பலவீனமானவர்கள் என்பதால் இது இரண்டு மூன்று மடங்காகலாம். அப்போதும் வாடகைக்குப் போதாது. பழைய வருமானம் வேண்டுமானால் பிக் பிளைண்ட் 50-ஐ விட்டுவிட்டு 200, 300, 500 என்று உயர வேண்டும். ஐந்நூறு ரூபாய் மேஜையில் பை-இன் ரூ 50,000. நாற்பது பை-இன் என்றால் ரூ 20 லட்சம். நம் இளைஞரிடம் இருப்பதோ இரண்டு லட்சம், நான்கே பை-இன். ஒரே இரவில் அது போய்விடக்கூடும், கெட்ட ஆட்டம் எதுவும் ஆடாமலே. துணிந்து உட்காருவதுதான் விதைநெல்லைத் தின்பது. அல்லது யாராவது முதல் போடுபவரைப் பிடித்து, லாபத்தில் பங்கு கொடுக்க வேண்டும். பாக்ஸ்டருக்கு உங்கர் கொடுத்தது போல.

தடைச் சட்டத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றங்களிடமிருந்து தன்னிடம் மாற்றிக்கொண்டது. தொழில் செய்யும் உரிமை, மாநிலங்களின் அதிகாரம் என்று பெரிய கேள்விகள் அவற்றில் இருக்கின்றன. அறை வாடகைக்கு அவை உதவாது.

சட்டம் நிறைவேறிய அந்த ஆகஸ்ட் வாரத்திலேயே பெரிய போக்கர் தளங்கள் பணம் கட்டி ஆடும் மேஜைகளை மூடிவிட்டன. கணக்கில் இருக்கும் தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தன. மேஜைகள் மறைந்த திரையில் பணத்தை எடுக்கும் பொத்தான் மட்டும் வேலை செய்தது. ஜெயித்திருந்தவர்கள் அதை அழுத்தியபோது, அந்த ஆண்டின் நிகர வெற்றியில் 30 சதவீதம் பிடித்தம் போக மீதி வங்கிக்கு வந்து சேர்ந்தது. கணக்கு நோட்டு வைத்திருந்தவர்கள் அதையும் எழுதிக்கொண்டிருப்பார்கள்.